ஜுகாட்: குறுக்குவழி அன்று, தோது

வேளாண்மை பற்றிய காட்சிப்பதிவு ஒன்றின் தமிழ்க் குரலில், "இது விவசாயிகள் கண்டறிந்த குறுக்குவழி" என்ற தொடரை அண்மையில் மறுபடியும் கேட்க நேர்ந்தது. அப்போது திரையில் ஒரு முதியவர், விரிசல் கண்ட நீர்க்குழாயின் மீது பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் அகலப் பட்டை. விரிசலுக்கு ஒரு சாண் முன்னதாகவே தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, கொடுத்த இழுப்பு தளராமல் சுற்றிக்கொண்டே போனார். கடைசி இரண்டு சுற்றுகளை மட்டும் சற்று நெகிழ்வாக விட்டு, பட்டையின் நுனியை அவற்றுக்கு அடியில் செருகி இறுக்கினார். இழுபட்ட ரப்பர் தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்வதால் விரிசலின் மீது எல்லாப் பக்கமும் அழுத்தம் விழுகிறது. முதல் முறை சுற்றியது கசிந்தது; அவிழ்த்து மறுபடி சுற்றிய பின் மோட்டாரை ஓட்டியபோது ஒரு சொட்டும் கசியவில்லை. அந்த வேலைக்கு அவர் மொழியில் அவர் சொன்ன சொல் ஜுகாட். நம் மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் குறுக்குவழி ஆக்கிவிட்டார்.

ஜுகாட் என்பது இந்தி, பஞ்சாபி மொழிகளில் அன்றாடம் புழங்கும் சொல். இணைத்தல், பூட்டுதல் என்று பொருள்படும் 'யுஜ்' என்ற வடமொழி வேரோடு இதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். நுகத்தடியைக் குறிக்கும் 'யுக' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. கையில் இருப்பவற்றை ஒன்றோடொன்று பூட்டிக் காரியத்தை நடத்திக்கொள்வது என்பதே இச்சொல்லின் நடுப்பொருள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இது ஒரு வண்டியின் பெயரும்கூட. நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்திலோ இரும்புச் சட்டத்திலோ ஏற்றி, பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களைச் சேர்த்து, ஆளும் விளைச்சலும் ஏற்றிச் செல்லச் செய்துகொண்ட வண்டி அது. அவ்வண்டிகளும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் கூறியது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேலாண்மை எழுத்தாளர்கள் இச்சொல்லை ஆங்கிலத்தில் பரப்பினார்கள். தமிழுக்குள் அது வந்தது பெரும்பாலும் அந்த ஆங்கிலத்தின் வழியாகத்தான். பிழையும் அங்கேதான் தொடங்குகிறது.

குறுக்குவழி என்ற சொல்லுக்கு நான் தெரிவிக்கும் முதல் மறுப்பு அதன் நேர்ப்பொருளைப் பற்றியது. நேர்வழி ஒன்று இருந்தால்தான் குறுக்குவழி இருக்க முடியும். சுற்றிப் போக வேண்டிய தொலைவை வரப்பில் இறங்கிக் குறைத்துக்கொள்வது குறுக்குவழி. குழாயில் விரிசல் கண்ட நேரத்தில் மாற்றுக் குழாய் கையில் இல்லை, பயிரோ வாடிக்கொண்டிருக்கிறது என்றால், அங்கே நேர்வழி என்பதே அடைபட்டுக் கிடக்கிறது. அந்த முதியவர் எதையும் குறுக்கவில்லை. இல்லாத வழியை உண்டாக்கினார். அதற்கு அவர் செலவிட்ட நேரமும் குறைவன்று. பழைய டியூபை இதற்கென்று எடுத்து வைத்திருந்தது, சீரான அகலத்தில் வெட்டியது, முதல் முறை சுற்றியது கசிந்ததும் அவிழ்த்து மறுபடி சுற்றியது ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், புதுக் குழாயைப் பொருத்தும் நேரத்தைவிட இது அதிகம்.

இரண்டாவது மறுப்பு அச்சொல்லில் ஒட்டியிருக்கும் கறையைப் பற்றியது. "குறுக்குவழியில் பணம் சேர்த்தான்", "குறுக்குவழியில் பதவிக்கு வந்தான்" என்று நாம் சொல்லும்போது யாரும் வரப்பை நினைப்பதில்லை, நேர்மையின்மையைத்தான் நினைக்கிறோம். உழைத்துச் சேற்றில் நின்று ஒரு பொருளைச் சீர்செய்தவரின் வேலைக்கு அந்தக் கறை படிந்த சொல்லைச் சூட்டுவது மொழிப்பிழை மட்டுமன்று, அவருக்குச் செய்யும் அநீதியும் ஆகும். செல்வாக்கைப் பிடித்து ஓர் இடத்தையோ அனுமதியையோ பெற்றுக்கொள்வதையும் இந்தியில் ஜுகாட் என்பதுண்டு. அந்த இடத்தில் குறுக்குவழி பொருந்தும்; அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஓரத்தில் இருக்கும் பொருளை எடுத்து அதன் நடுவில் வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

குறுக்குவழியை வெறுப்பவர்கள் முன்வைக்கும் மற்றொரு ஆக்கம் 'சிக்கனப் புத்தாக்கம்'. இது கறையற்றது, தூய தமிழ் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் கருத்தரங்க மேடையை விட்டு இறங்காத சொல். "மண்வெட்டிக் காம்புக்குச் சிக்கனப் புத்தாக்கம் செய்தேன்" என்று யாராவது சொல்வார்களா? மேலும் புத்தாக்கம் என்றால் புதிதாக ஒன்று பிறக்க வேண்டும். குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இரு சக்கர அச்சையும் உழவுக் கருவிகளை மாட்டும் சட்டத்தையும் பொருத்தினார். அது 'புல்லட் சாந்தி' என்ற பெயரில் பரவியது. மற்றொருவர் பார்த்துத் தாமும் செய்துகொள்ளக்கூடிய அதைப் புத்தாக்கம் என்பது முற்றிலும் தகும். பறவைகளை விரட்டப் பழைய ஒலிநாடாவை வயலின் குறுக்கே முறுக்கிக் கட்டி, காற்றில் அது அதிர்ந்து ரீங்கரிக்கும்படி விடுவது புத்தாக்கமா? இருப்பதைக் கொண்டு அன்றைய தேவையை முடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது, ஆனால் அதன் பெயர் வேறு.

'ஒப்பேற்றுதல்' இன்னும் நெருங்கி வருகிறது. ஆயினும் வேலை அரைகுறை என்ற ஒப்புதல் அதற்குள்ளேயே இருக்கிறது. 'உத்தி' மிகப் பழைய சொல், தொல்காப்பியமும் நன்னூலும் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளை எடுத்துரைக்கின்றன. ஆனால் உத்தி மனத்தில் தோன்றும் யோசனையைக் குறிக்கிறதே தவிர, டியூபும் குழாயும் கையும் சேர்ந்த செயலைக் குறிப்பதில்லை.

இத்தனைக்கும் நம்மிடம் சரியான சொல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. தோது. தோது பண்ணுதல். "பணத்துக்குத் தோது பண்ண வேண்டும்" என்கிறோம். இந்திக்காரர் அதே இடத்தில் அதே பொருளில் "பணத்துக்கு ஜுகாட் செய்ய வேண்டும்" என்கிறார். "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கம்பியை வளைத்துத் தோது பண்ணிக்கொண்டேன்" என்றால், இல்லாத ஒன்றுக்கு மாற்றாக இருப்பதைப் பொருத்திக்கொண்டேன் என்பது எந்த விளக்கமும் இன்றிப் புரிகிறது. பொருத்தம், வசதி, வழிவகை என்ற மூன்று பொருளும் அச்சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அதில் இழிவும் இல்லை, பெருமைப் பூச்சும் இல்லை. குறுக்குவழியால் சொல்ல முடியாத இன்னொன்றையும் இது சொல்கிறது: செய்தது பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் ஒழுகினால் "தோதுப்படவில்லை" என்று அதே சொல்லாலேயே தோல்வியையும் கூறிவிடலாம்.

பிறகு ஏன் எழுத்தில் அது வருவதில்லை? பேச்சுவழக்கில் உள்ள சொல் ஏட்டுக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்திச் சொல்லை ஆங்கில அகராதியில் பார்த்து, அங்கே கண்ட விளக்கத்தை மறுபடி தமிழ் அகராதியில் தேடி, கிடைத்த முதற்சொல்லை எழுதிவிடுகிறார்கள். வயலில் நிற்கும் ஒருவரிடம் "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒரு முறை கேட்டிருந்தால் இரண்டு அகராதிகளும் தேவைப்பட்டிருக்காது. தூய்மையை நாடுவோர்க்கும் இதே குறை உண்டு: புதிய கூட்டுச்சொற்களை அடுக்கும் அவர்கள், வாயில் வாழ்ந்துகொண்டிருக்கும் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஜுகாட் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வட மாநிலங்களில் ஓடும் அந்த வண்டியைக் குறிக்கும்போது அது பொதுச்சொல் அன்று, ஒரு வண்டியின் பெயர். "ஜுகாட் என்னும் தோதுவண்டி" என்று முதல் முறை எழுதிவிட்டு, அதன்பின் ஜுகாட் என்றே தொடரலாம். குழாயைச் சுற்றிய முதியவர் செய்ததற்கோ தோது என்ற ஒரு சொல் போதும்.