செப்டிக் டேங்க் லாரி எங்கே போகிறது?

"எங்க வீட்டு டேங்கைப் பதினாலு வருஷமா எடுத்ததே இல்லை சார்." இப்படிப் பெருமையாகச் சொல்பவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். கழிவுநீர்ப் பொறியாளனான எனக்கு அதைக் கேட்டதுமே வயிற்றில் புளியைக் கரைக்கும். நாலைந்து பேர் இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுத்தாக வேண்டும். பதினாலு வருடமாக நிறையவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தோம். சிமென்ட் உறை ஐந்தை இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டிருந்தார்கள். அங்கிருந்து இருபதடி தூரத்தில் கிணறு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, வாடையும் இல்லை. பரிசோதித்தால், கழிவிலிருந்து மண் வழியாக இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு லிட்டருக்கு 90 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கான இந்திய வரம்பு 45. "காய்ச்சித்தானே தம்பி குடிக்கிறோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். உதடும் நகமும் நீலம் பாரித்த பிறகுதான் வீட்டாருக்கே தெரியவரும்.

சரி, டேங்க் ஒழுங்காக இருக்கிறது, லாரியும் நேரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயைச் சுருட்டி ஏற்றியதும் நாம் கதவைச் சாத்திவிடுகிறோம். அப்புறம்?

ஒருமுறை அப்படி ஒரு லாரியில் ஏறிப் போனேன். ஊர் எல்லையில் ஓடைப் பாலத்தை ஒட்டி நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டார் டிரைவர். ஐயாயிரம் லிட்டர், பத்து நிமிடத்தில் காலி. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சுத்திகரிப்பு நிலையம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சாயங்காலம் ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். டீசல் காசு போக அவருக்கு மிஞ்சுவது நடை எண்ணிக்கையில்தான். நாமும் கூலியைப் பேரம் பேசிக் குறைத்துத்தானே கொடுக்கிறோம்.

டேங்கில் வருடக்கணக்கில் படிந்த கசடு, சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஏரியில் விழுந்தால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களே தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். மிச்சமிருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு விருந்து.

ஓடைக்குப் போகாத லாரி தென்னந்தோப்புக்கோ கரும்புக்கோ போகிறது. "இதைவிட நல்ல உரம் எதுங்க?" என்று விவசாயி கேட்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை, சத்து இருக்கத்தான் செய்கிறது. கூடவே உருண்டைப் புழுவின் முட்டையும் இருக்கிறது. மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட அது உயிரோடு கிடக்கும். கீரையில் ஒட்டினால் லேசாக அலசிப் போகாது. கொக்கிப்புழு இன்னும் மோசம், வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்தே உள்ளே போய்விடும். பிறகு குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். களையெடுக்கும் பெண்களுக்கு ரத்தசோகை என்றால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் விசாரிக்கிறோம், நிலத்தில் என்ன விட்டார்கள் என்று கேட்பதில்லை.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களிலும் கசடு மிஞ்சத்தான் செய்கிறது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் அதை மூடிய தொட்டியில் செரிக்க வைத்து, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சாதாரணச் சூட்டில் செரித்த கசடில் புழு முட்டைகள் முழுக்கச் சாவதில்லை. 55 டிகிரிக்கு மேல் பல நாள் வெந்தால்தான் நம்பலாம், நன்றாகக் குவித்துப் புரட்டிப் போடும் கம்போஸ்டில் அந்தச் சூடு வரும். எரித்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிழிந்த கசடிலும் முக்கால்வாசி தண்ணீர்தான். எரித்தாலும் காட்மியம், ஈயம் எல்லாம் பெரும்பாலும் சாம்பலில் நிற்கும், பாதரசம் புகையோடு போகும். தொழிற்சாலைக் கழிவு கலந்துவிட்டால் எந்த வழியும் சுத்தமாகாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல வருடம் கசடு உரம் போட்ட வயல்களில் அழியாத ரசாயனங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் 2022-இல் நிலத்தில் போடுவதையே தடை செய்தார்கள்.

வீட்டுக் கசடுக்கு நம் ஊரிலேயே எளிய வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் செங்கல்பட்டு பக்கம் கருங்குழியில் வந்தது. மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் கசடைக் கொட்டுகிறார்கள். தண்ணீர் வடிந்து தனியே சுத்தமாகிறது, மேலே காய்ந்ததை வாரி எடுக்கிறார்கள். பார்த்தால் நெல் உலர்த்தும் களம் மாதிரிதான் இருக்கும். காய்ந்ததை உடனே வயலில் போடாமல், நம் வெயிலில் ஒரு வருடமாவது கிடப்பில் வைக்க வேண்டும்.

அடைப்பு என்று யாரையும் டேங்குக்குள் மட்டும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் காட்டும், அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைக்கும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் ஒன்றாகப் போன வீடுகள் உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

அடுத்த முறை லாரியைக் கூப்பிடும்போது, எந்த நிலையத்தில் கொட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கொட்டியதற்கான சீட்டைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பகலிலேயே வரச் சொல்லுங்கள், டீசலுக்கு நூறு இருநூறு கூடக் கேட்டால் கொடுங்கள்.

அந்தப் பதினாலு வருட வீட்டில் இப்போது தளம் போட்டு, இரண்டு அறை வைத்த டேங்க் கட்டிவிட்டார்கள். போன மாதம் கிணற்றுத் தண்ணீரை மறுபடி பரிசோதித்தோம். நைட்ரேட் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. குடிக்க இன்னும் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள்.