அளந்து விடப்படும் கசிவு: கியர் மாற்றாமல் ஓடும் சிறு வண்டிகளின் டிரான்ஸ்ஆக்சில்

விரைவுச்சாலை ஓரங்களிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் திறந்தவெளிகளிலும், ஓட்டுநர் அமர்ந்து செலுத்தும் புல்வெட்டும் வண்டிகளைப் பார்க்காதவர்கள் சிங்கப்பூரில் குறைவு. குளிர்காலம் என்ற ஓய்வே இல்லாத ஊரில் புல் ஆண்டு முழுவதும் வளர்கிறது. ஆகவே அந்த வண்டிகளும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் ஊழியர், பெரும்பாலும் தமிழகத்திலிருந்தோ பங்ளாதேஷிலிருந்தோ வந்தவர், கிளட்ச் மிதிப்பதில்லை, கியரும் மாற்றுவதில்லை. மிதியை முன்பக்கம் அழுத்தினால் வண்டி முன்னே போகிறது, பின்பக்கம் அழுத்தினால் பின்னே வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வெட்டும் கத்திகளின் வேகம் குறையக் கூடாது என்பதால் எஞ்சின் மட்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. மாறாத அந்தச் சுழற்சியிலிருந்து ஓட்டுநர் கேட்கும் வேகத்தையும் திசையையும் பிரித்தெடுத்துத் தருவது, பின்சக்கரங்களுக்கு இடையில் பொருத்தப்பட்டிருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. வேகமாற்றியும் சக்கர அச்சும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய அதனை ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்ஆக்சில் என்கிறார்கள். தோட்ட டிராக்டர்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இதே பெட்டிதான் வெவ்வேறு அளவுகளில் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து வரும் பட்டை பெட்டியின் மேலுள்ள கப்பியைச் சுழற்றுகிறது. கப்பியோடு சேர்ந்து ஓர் உருளைத் தொகுதி சுற்றுகிறது. துப்பாக்கிச் சுழலறை போல வட்டமாகத் துளையிடப்பட்ட அந்த இரும்புத் தொகுதியின் ஒவ்வொரு துளையிலும் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டன்களின் தலைகள் சாய்தட்டு எனப்படும் ஒரு தட்டின் மீது அழுந்தி நிற்கின்றன. தட்டு சாயாமல் நேராக இருக்கும்போது தொகுதி எவ்வளவு சுழன்றாலும் பிஸ்டன்கள் உள்ளேயோ வெளியேயோ நகர்வதில்லை, எண்ணெயும் நகர்வதில்லை, வண்டி நிற்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தினால் தட்டு சாய்கிறது. அப்போது ஒவ்வொரு பிஸ்டனும் அரைச் சுற்றில் எண்ணெயை உறிஞ்சி, மறு அரைச் சுற்றில் அதை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய், வார்ப்பிரும்புத் துண்டொன்றில் குடையப்பட்ட வழியாக ஹைட்ராலிக் மோட்டாரை அடைகிறது. மோட்டாரும் ஏறத்தாழ அதே அமைப்புடையதுதான். அதன் சாய்தட்டு மட்டும் அசையாமல் நிலையான கோணத்தில் இருக்கும். அங்கே எண்ணெய் பிஸ்டன்களைத் தள்ள, தொகுதி சுழல்கிறது. அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகக் குறைக்கப்பட்டு சக்கர அச்சைத் திருப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குப் போகாமல் நேராகப் பம்புக்கே திரும்புவதால் இது மூடிய சுற்று.

சாய்தட்டை எதிர்ப்புறம் சாய்த்தால் எண்ணெய் ஓடும் திசை மாறி வண்டி பின்னோக்கி நகர்கிறது. ரிவர்ஸ் கியர் என்று தனியாக எதுவும் தேவையில்லை. சரிவில் இறங்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் பம்பாகவும் பம்ப் மோட்டாராகவும் மாறி, எஞ்சினின் எதிர்ப்பே பிரேக்காகிறது. இந்த யோசனை புதியதன்று. ஹார்வி வில்லியம்ஸ், ரெனால்ட் ஜானி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைத் துல்லியமாகத் திருப்புவதற்கு இத்தகைய அமைப்பை உருவாக்கினர். பீரங்கிக்காகப் பிறந்த பொறி புல்வெட்டும் வண்டிக்கு இறங்கி வருவதற்கு, அதை மலிவாகச் செய்யும் வழிகள் பிறக்க வேண்டியிருந்தது. இன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சலிவன் என்ற சிற்றூரிலுள்ள ஹைட்ரோ-கியர், டென்னசியின் மோரிஸ்டவுனிலுள்ள யன்மார் குழுமத்தின் டஃப் டார்க் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை.

வடிவமைப்பாளரின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள 7 பிஸ்டன்கள், 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருப்பதாகக் கொள்வோம். தட்டு 15 பாகை சாய்ந்தால் ஒவ்வொரு பிஸ்டனும் ஏறத்தாழ 12.6 மில்லிமீட்டர் நகர்ந்து, 1.4 கன சென்டிமீட்டர் எண்ணெயைத் தள்ளும். ஏழும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 10 கன சென்டிமீட்டர் தள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 30 லிட்டர். மோட்டாரும் அதே கொள்ளளவுடையது, பற்சக்கரங்கள் வேகத்தை 25இல் ஒரு பங்காகக் குறைக்கின்றன, சக்கரத்தின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அழுத்தம் 200 பார் ஆகும்போது மோட்டாரின் முறுக்குவிசை 32 நியூட்டன் மீட்டர்; சக்கர அச்சில் அது 800 ஆகிறது. ஆனால் உச்ச வேகமும் உச்ச அழுத்தமும் ஒருசேர வேண்டுமென்றால் 10 கிலோவாட் தேவைப்படும். அவ்வளவு ஆற்றலை இந்த ஒரு வேலைக்கே சிறு எஞ்சினால் கொடுத்துவிட முடியாது. கியர்பெட்டி எஞ்சினோடு படிப்படியாகப் பேரம் பேசுகிறது என்றால், சாய்தட்டு அதை இடைவெளியே இல்லாமல் செய்கிறது: மேட்டில் மிதியைச் சற்றுத் தளர்த்தினால் வேகம் குறையும், இழுவை கூடும்.

பிஸ்டன்கள் ஏழாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிஸ்டன்கள் ஒன்றன் பின் ஒன்றாக முறைமாறித் தள்ளுவதால் ஓட்டம் சீராகிறது. ஏழில் சுமார் 2.5 விழுக்காடாக இருக்கும் ஏற்ற இறக்கம், எட்டாக்கினால் குறைவதற்கு மாறாக 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும் என்பது கணக்கு. ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் ஓட்டுநரின் காதில் கீச்சொலியாகவே கேட்கும்.

இதுவரை சொன்னது பாடப்புத்தக வடிவியல். இந்தப் பெட்டியின் உண்மையான சிக்கல் கசிவில் இருக்கிறது. பிஸ்டனில் ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையிலுள்ள விட்ட வேறுபாடு 15 மைக்ரான் அளவில் இருக்கும். மனிதத் தலைமுடி அதைப்போல நான்கைந்து மடங்கு தடிப்பு. அந்த இடுக்கு வழியே எண்ணெய் சிறிது ஒழுகத்தான் வேண்டும். ஒழுகவில்லையென்றால் உலோகத்தின் மேல் உலோகம் உரசி, சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். அதிகம் ஒழுகினால் அழுத்தம் எழாது. ஒழுகிய எண்ணெய் பெட்டியின் அடியில் சேர்கிறது. சிறிய ஊட்டுப் பம்ப் ஒன்று அதை வடிகட்டி வழியாக எடுத்து, ஒருவழி வால்வுகள் மூலம் சுற்றின் குறையழுத்தப் பக்கத்தில் நிரப்புகிறது.

இடுக்கின் வழியே கசியும் அளவு இடுக்கின் அகலத்தோடு நேராகக் கூடுவதில்லை; அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. எண்ணெயின் பாகுத்தன்மை எத்தனை மடங்கு குறைகிறதோ, அத்தனை மடங்கு கசிவு ஏறும். இப்பெட்டிகள் சிலவற்றில் ஊற்றப்படும் 20டபிள்யூ-50 என்ற வகை எஞ்சின் எண்ணெய், 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் எட்டு ஒன்பது மடங்கு இளகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கசிவைத் தீர்மானிப்பது வண்டியின் வேகமன்று, அழுத்தம்தான். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடும்போது ஒன்றரை லிட்டர் கசிந்தால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. மேட்டில் மெதுவாக, 3 லிட்டர் மட்டும் ஓடும்போது அதே ஒன்றரை லிட்டர் கசிந்தால் வேகம் பாதியாகிவிடும். "காலையில் நன்றாக ஏறிய வண்டி மதியத்துக்கு மேல் இழுக்க மாட்டேன் என்கிறது" என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பல நேரங்களில் எஞ்சின் மீது பழி விழுகிறது, குற்றவாளி இளகிய எண்ணெய்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. இத்தகைய வேகமாற்றியின் செயல்திறன் நல்ல நிலையிலும் 70 முதல் 80 விழுக்காடுதான். பற்சக்கரங்கள் மட்டுமே உள்ள கியர்பெட்டி 90ஐத் தாண்டும். நான்கு கிலோவாட் உள்ளே போய் 70 விழுக்காடு வெளியே வந்தால், மீதி 1.2 கிலோவாட் வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. இரண்டு லிட்டர் எண்ணெயும் 15 கிலோ உலோகமும் உள்ள பெட்டி, குளிர்விக்காவிட்டால், கால் மணி நேரத்துக்குள் 100 பாகையைத் தொட்டுவிடும். அதனால்தான் கப்பிக்கு மேல் விசிறியும் கூட்டின் மீது துடுப்புகளும் வைக்கிறார்கள். வெப்பம் வெளியேறும் வேகம் எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 15 பாகை நாளில் எண்ணெயை 100 பாகையில் நிறுத்தும் குளிர்விப்பு, நம்முடைய 32 பாகை நண்பகலில் அதே வேலைக்கு 117 பாகையில்தான் நிறுத்தும். மழைக்குப் பின் ஈரப்புல் வெட்டும்போது துடுப்புகளில் அப்பிக்கொள்ளும் துகள் இதை மேலும் மோசமாக்குகிறது. மிதவெப்ப நாட்டுத் தோட்டத்தில் வார இறுதியில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கென்று செய்த மலிவான பெட்டியை, இங்கே நாள் முழுவதும் ஓட்டும் ஒப்பந்தப் பணிக்கு வாங்குவது சிக்கனமன்று என்பது என் கருத்து.

அந்த 15 மைக்ரானைத் தொழிற்சாலையில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் உற்பத்தியின் கதை. உருளைத் தொகுதியைக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பதற்குப் பதிலாக, இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 1,120 பாகைச் சூட்டில் துகள்களை ஒன்றோடொன்று பிணைய வைக்கும் முறை பெருமளவு உற்பத்திக்கு ஏற்றது. துளைகளும் எண்ணெய் வழிகளும் அச்சிலேயே உருவாகிவிடுகின்றன. அவ்வாறு செய்த உலோகத்தில் நுண்துளைகள் எஞ்சும். உயர் அழுத்த எண்ணெய் அவற்றின் வழியே ஊடுருவாதிருக்க, நீராவியில் சூடாக்கி இரும்பு ஆக்சைடால் அவற்றை அடைப்பது ஒரு வழி. பிறகு துளைகளை ஹோனிங் கற்களால் மெருகேற்றுகிறார்கள். பிஸ்டன்களோ கடினப்படுத்திய எஃகு. சாணையில் மைக்ரான் கணக்கில் தேய்க்கப்படுகின்றன.

தொகுதியையும் அலுமினியத்தில் செய்து எடையைக் குறைக்கலாமே என்று தோன்றலாம். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 12 மில்லிமீட்டர் துளை 60 பாகை சூடேறினால் இரண்டுக்குமான வேறுபாடு மட்டும் 8 மைக்ரான். 15ஆக இருந்த இடைவெளி 23ஆகி, கசிவு மூன்றரை மடங்காகும். எண்ணெய் இளகும் அதே நேரத்தில் இடுக்கும் விரிவது இரட்டைத் தண்டனை. ஆகவே தொகுதி இரும்பிலும், வெப்பத்தை வெளியே விட வேண்டிய கூடு அலுமினிய வார்ப்பிலும் அமைகின்றன.

தொகுதி சுழன்று உரசும் வால்வு முகம், அதாவது எண்ணெய் வழிகள் குடையப்பட்ட அந்த வார்ப்பிரும்புத் துண்டின் பரப்பு, இன்னும் கடினமான இடம். இங்கே எண்ணெய் அழுத்தம் தொகுதியை முகத்திலிருந்து தூக்கப் பார்க்கிறது. பிஸ்டன் துளைகளின் அழுத்தமும் ஒரு சுருள்வில்லும் அதை முகத்தோடு அழுத்துகின்றன. அழுத்தும் விசை தூக்கும் விசையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும்படி பரப்புகளைத் தேர்ந்தால்தான் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். முகங்களின் தட்டைத்தன்மையை ஒளிக்கோடுகளால் சோதிக்கிறார்கள்: சமதளக் கண்ணாடியை மேலே வைத்து ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் தெரியும் ஒவ்வொரு கோடும் 0.3 மைக்ரான் உயர வேறுபாட்டைக் காட்டும். துல்லியப் பொறியியல் படித்த நம் இளையர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கலாம்.

மலிவாக்கும் உத்திகளும் ரசிக்கத்தக்கவை. பெரிய பம்புகளில் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் எண்ணெய்ப் படலத்தில் வழுக்கும் வெண்கலக் காலணி இருக்கும். சிறு டிரான்ஸ்ஆக்சில்களில் அதை நீக்கிவிட்டு, சாய்தட்டிலேயே ஒரு குண்டுத் தாங்கியைப் பதித்து, கோள முனையுள்ள பிஸ்டன் நேராக அதன் மேல் அழுந்தும்படி விட்டுவிடுகிறார்கள். கூட்டின் இரு பாதிகளும் கேஸ்கெட் இல்லாமல் திரவப் பசையால் ஒட்டப்படுகின்றன. பாகங்களைக் கழுவுவதில் மட்டும் சிக்கனம் செல்லாது: வார்ப்பிலிருந்து உதிர்ந்த ஒரு மணல் துகள் போதும், வால்வு முகத்தில் வட்டமாகக் கீறி நிரந்தரக் கசிவு வழி ஒன்றைத் திறந்துவிடும்.

பெட்டி சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று மூச்சுத்துளை வழியே வெளியேறுகிறது, குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஒவ்வொரு மாலையும் சிறிது நீராவி உள்ளே போய்க் குளிர்ந்து நீராகிறது. வேலை முடிந்த கையோடு சூடான பெட்டியின் மேல் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சினால், திடீரெனச் சுருங்கும் காற்று சீல் ஓரங்களிலிருந்து நீரையே உறிஞ்சிக்கொள்ளும். நீர் கலந்த எண்ணெய் பால்போல வெளுக்கிறது. எண்ணெய்ப் படலம் வலுவிழந்து, தாங்கிகள் துருப்பிடிக்கின்றன. ஆனாலும் சில மலிவான பெட்டிகளில் எண்ணெயை வடித்து மாற்றுவதற்குத் திருகாணி கூட வைப்பதில்லை. ஆயுள் முழுவதும் அதே எண்ணெய் போதும் என்கிறார்கள். வடிகட்டியும் வடிதுளையும் உள்ள பெட்டியைத் தேர்ந்து, முதல் 50 முதல் 100 மணி நேரத்துக்குள், பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தித் தேய்ந்த துகள்களோடு கூடிய முதல் எண்ணெயை மாற்றி, புதிதாக ஊற்றிய பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, முன்னும் பின்னும் சில முறை மெதுவாகச் சுழற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டால், அந்த 15 மைக்ரான் இடைவெளி பல ஆண்டுகளுக்கு 15 மைக்ரானை ஒட்டியே இருக்கும்.