தைத்த தசைநாண் ஏன் அசைய வேண்டும்?

"கண்ணாடி கிழித்ததில் தம்பியின் மோதிர விரல் மடங்காமல் போய்விட்டது. அறுபட்ட தசைநாணைத் தைத்திருக்கிறார்கள். நான்காம் நாளே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் விரலை அசைக்க வைக்கிறார். தையல் பிய்ந்துவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான பயம். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவர் காயம்பட்ட கையை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்கும் சிகிச்சையாளர். தையல் பிய்ந்துபோக வாய்ப்பு உண்டுதான். ஆனால் அசைக்காமல் வைத்திருந்தால் விரல் மரக்கட்டையாக நின்றுவிடும் ஆபத்து இன்னும் பெரியது.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. கட்டைவிரல் தவிர மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. மேலே இருப்பது இரண்டாகப் பிளந்து நடு எலும்பின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஆழத்தில் இருப்பது அந்தப் பிளவின் நடுவே புகுந்து நுனி எலும்புக்குப் போகிறது. இரண்டும் ஓடுவது ஒரே குறுகிய உறைக்குள், சைக்கிள் பிரேக் கேபிள் அதன் குழாய்க்குள் ஓடுவதுபோல. உறையின் சில இடங்களில் இருக்கும் தடித்த வளையங்களைக் கப்பிகள் என்கிறார்கள். அவை இல்லாவிட்டால் விரலை மடக்கும்போது தசைநாண் எலும்பை விட்டு வில்நாண்போலத் தூக்கிக்கொள்ளும்.

உங்கள் கையிலேயே ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர்த்தி, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் தொங்க விடுங்கள். விரல்கள் தாமாக விரியும். மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தால் தாமாகவே சுருளும். விரலை மடக்கும் தசை வேலை செய்யாமலே தசைநாண் நகர்ந்துவிட்டது! தெரபிஸ்டின் கையில் இருக்கும் அருமையான கருவிகளில் இது ஒன்று.

சரி, வெட்டுக்கு வருவோம். உள்ளங்கையின் மேல் ரேகை அருகிலிருந்து விரலின் நடு எலும்பு வரையுள்ள பகுதிக்கு, கை அறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னல் 'யாருமற்ற நிலம்' என்று பெயர் வைத்தார். அங்கே தைத்தால் இரண்டு நாண்களும் உறையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அதனால் உடனே தைக்க வேண்டாம், பிறகு வேறிடத்து நாணை எடுத்து ஒட்டலாம் என்பதே பல காலம் அறிவுரையாக இருந்தது.

ஏன் ஒட்டுகிறது என்பதில்தான் எனக்கு இந்த விஷயத்தின் முழு அழகும் தெரிகிறது. காயம் ஆற்ற வரும் செல்கள் கொலாஜன் என்ற புரத இழைகளை எல்லாப் பக்கமும் பின்னுகின்றன. எது நாண், எது உறை என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து செல்கள் வந்து நாணை ஆற்றினால் அது சுற்றுப்புறத்தோடே கட்டுண்டு போகிறது. தசைநாணால் தானாக ஆற முடியாது என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1970களில் லண்ட்போர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் முயலின் தசைநாண் துண்டுகளை மூட்டுத் திரவத்தில் வைத்துப் பார்த்தபோது, ரத்தக்குழாய் இணைப்பே இல்லாமல் அவை ஆறின. நாணின் சொந்தச் செல்களுக்கே அந்தத் திறன் உண்டு.

அப்படியென்றால் உள்ளிருந்து ஆறுவதை வளர்த்து, வெளியிலிருந்து ஒட்டுவதைத் தடுக்க வேண்டும். அதைச் செய்வது அசைவுதான். நாண் நகர்ந்துகொண்டே இருந்தால் வெளி இழைகளால் இறுகப் பிடிக்க முடிவதில்லை. உள்ளே உருவாகும் கொலாஜன் இழுவிசையின் திசையில் வரிசையாக அமைகிறது. எவ்வளவு நகர வேண்டும்? 1975-இல் டுரான், ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன அளவு 3 முதல் 5 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியின் நீளம்கூட இல்லை! நாய்களில் கெல்பர்மேன் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வுகளில், தொடக்கத்திலேயே அசைக்கப்பட்ட நாண்கள் அசையாமல் கட்டப்பட்டவற்றைவிட வலுவாகவும் இருந்தன, நன்றாக வழுக்கவும் செய்தன.

ஆனால் முதல் வாரங்களில் சுமையை ஏறக்குறைய முழுதும் தாங்குவது தையல் நூல்தான். அதனால் கையின் பின்புறம் ஒரு ஸ்ப்ளிண்ட், அதாவது விறைப்பான தாங்கு பட்டை, போட்டு விரல் முழுதாக நீளாமல் தடுக்கிறார்கள். மறு கையால் விரலை மெல்ல மடக்கி, ஸ்ப்ளிண்ட் தடுக்கும் வரை நீட்டச் சொல்கிறார்கள். அப்புறம் மடக்கி வைத்த விரலை லேசாக அப்படியே பிடித்திருக்கச் சொல்வார்கள். விரல் நுனிகளைக் கொக்கிபோல வளைப்பது இன்னொரு பயிற்சி. இரண்டு நாண்களும் ஒன்றின்மேல் ஒன்று அதிகமாக நகர்வது அந்த நிலையில்தான். பொதுவாக ஆறு வாரம்போல ஸ்ப்ளிண்ட் இருக்கும், பாரமான வேலைக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகும். நரம்பும் அறுந்திருந்தால் தனிக் கணக்கு. அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், தொடுவதை உணர மூளையும் மறுபடி பழக வேண்டும்.

புதிய தையல் நூலுக்கும் கருவிக்கும் ஆய்வுப் பணம் வருவது எளிது, விற்க ஒரு பொருள் இருக்கிறதே. மணிக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் மடக்குவது என்ற கேள்விக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். பொது நிதி போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

'வலித்தால்தான் பலன்' என்ற நம்பிக்கையை இந்தக் காயத்தில் முற்றிலும் கைவிட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ரப்பர் பந்தை அழுத்தத் தொடங்குவது, விரலைப் பிடித்து இழுத்து நீட்டிவிடுவது எல்லாம் தையலை அறுக்கும். சட்டைப் பொத்தான் போடுவதும் சாவி திருப்புவதும்கூடத் தெரபிஸ்ட் சொல்லும் வாரத்தில், சொல்லும் வரிசையில்தான். நேற்று மடங்கிய விரல் இன்று திடீரென மடங்காவிட்டால், வலி இல்லை என்று காத்திருக்காமல் அன்றே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அறுந்த நாணை மறுபடி தைக்கும் வாய்ப்பு நாள் தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே போகும்.