லாங் டெயில் கீவேர்டு: தமிழில் அருந்தேடல்

இணையத்தில் கடை போட்டிருப்பவர் எஸ்.இ.ஓ. ஆளிடம், அதாவது கூகுள் தேடலில் கடையை முன்னால் கொண்டுவரும் வேலை செய்பவரிடம், போனால் முதல் பேச்சிலேயே லாங் டெயில் கீவேர்டு என்ற சொல் வந்துவிடும். கீவேர்டு என்பது மக்கள் தேடுபொறியில் தட்டும் சொல் அல்லது சொற்றொடர். "ஹெட் கீவேர்டுல பெரிய கம்பெனிங்க உட்கார்ந்திருக்காங்க சார், நாம லாங் டெயில்ல போவோம்." சாரும் தலையாட்டிவிட்டு வருவார். மூன்று நான்கு சொல்லாக நீட்டித் தேடினால் அது லாங் டெயில் என்று நினைத்துக்கொள்வார். பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதும் அதுதான். அது தவறு.

இங்கே நீளம் சொல்லுக்கு இல்லை, வரைபடத்துக்கு. ஒரு மாதத்தில் மக்கள் தேடிய சொற்களை எல்லாம், அதிகம் தேடப்பட்டதில் தொடங்கி, ஒரே ஒருவர் தேடியது வரை வரிசையாக நிறுத்திக் கோடு போட்டுப் பாருங்கள். இடது ஓரத்தில் சில சொற்கள் செங்குத்தாக எழும்பி நிற்கும். அங்கிருந்து கோடு சடசடவென்று இறங்கி, அப்புறம் தரையை ஒட்டியபடி வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எழும்பி நிற்பது தலை, முடியாமல் போவது வால். ஆக லாங் டெயில் கீவேர்டு என்றால் 'அரிதாகத் தேடப்படும் சொல்' என்று பொருள். "பத்தாம் வகுப்பு தேர்வு முடிவு பார்ப்பது எப்படி" என்பதில் ஆறு சொற்கள், ஆனால் முடிவு வரும் வாரத்தில் தமிழ்நாட்டில் அது தலை. தயாரிப்பு நின்றுபோன ஒரு மோட்டார் பம்பின் உதிரிபாக எண் ஒரே சொல்தான். அது வாலின் நுனி.

புள்ளியியலில் வால் என்ற சொல் பழையது. மொழியிலேயே இந்த வடிவம் இருப்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் காட்டினார்: ஒரு பெரிய நூலில் அதிகம் வரும் சொல்லோடு ஒப்பிட்டால் இரண்டாவது சொல் ஏறக்குறைய பாதித் தடவையும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்குமாக வரும். கடைசியில் ஒரே ஒருமுறை வரும் சொற்கள் பெருங்கூட்டமாக நிற்கும்.

வணிகர்களின் வாய்க்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கிறிஸ் ஆண்டர்சன். வயர்டு என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழின் ஆசிரியராக இருந்தபோது 2004 அக்டோபரில் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 2006இல் அது நூலானது. அன்றைக்கு ஒரு வால்மார்ட் கடையில் சுமார் 39,000 பாடல்கள் கிடைத்தன. ராப்சடி என்ற இணைய இசைச் சேவையில் 7,35,000க்கும் மேல். ராப்சடியின் முதல் 4 லட்சம் பாடல்களில் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறையாவது யாரோ ஒருவர் கேட்டார் என்பதுதான் ஆண்டர்சனை நிமிர வைத்தது. கடை அலமாரிக்கு வாடகை உண்டு, விற்காத பொருளை அங்கே வைக்க முடியாது. இணையத்தில் அந்தச் செலவு மிகக் குறைவு. அதனால் அதிகம் விற்காதவை எல்லாம் சேர்ந்தே ஒரு பெரிய சந்தை என்றார். 2008இல் ஹார்வர்டு பேராசிரியர் அனிதா எல்பெர்ஸ் இதை மறுத்தார். வால் நீள்கிறது, ஆனால் கூடவே மெலிகிறது, பணம் இன்னமும் தலையில்தான் சேர்கிறது என்பது அவர் கணக்கு.

இந்தச் சண்டையில் சிறு கடைக்காரர் எந்தப் பக்கமும் சேர வேண்டியதில்லை. ஆண்டர்சன் சொன்ன லாபம் வால் முழுவதையும் கையில் வைத்திருப்பவருக்கு, அதாவது அமேசான் மாதிரி ஆட்களுக்கு. சிறு கடைக்கு வாலில் ஒரு சாண் போதும். தேடல் உலகம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் பொருள் இப்படித்தான் திரும்பியது.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துக் கோரைப்பாய், புவிசார் குறியீடு பெற்றது. 'பாய்' என்று மட்டும் தேடினால் யோகா பாய், பிளாஸ்டிக் பாய் என்று பெரிய விற்பனைத் தளங்களே வரிசைகட்டி நிற்கும். அங்கே முட்டிப் பயனில்லை. ஆனால் மணமக்கள் பெயரை நெய்து தரும் வழக்கம் பத்தமடைக்கு உண்டு. "கல்யாணத்துக்குப் பெயர் போட்ட பத்தமடைப் பாய்" என்று ஒருவர் தட்டுகிறார் என்றால் வீட்டில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அவருக்குத் தெரிய வேண்டியவை: பெயர் தமிழில் வருமா, இன்ஷியல் போடலாமா, எத்தனை எழுத்து கொள்ளும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். பெரிய தளத்தின் பக்கத்தில் நீளம், அகலம், நிறம் என்று கட்டம் இருக்கும், இதற்கெல்லாம் கட்டம் இருக்காது. நெய்பவரிடம் தினமும் பேசுகிற கடைக்காரர் அரைப் பக்கத்தில் இதை எழுதிவிடலாம். பட்டுப்பாயில் பட்டு இருக்கிறதா என்றும் ஒருவர் தேடுவார். பட்டுப்போல் மடிகிற நயத்துக்கு வந்த பெயர் அது, பாவு பருத்தி நூல் என்று சொல்கிற பக்கம் அவருக்கு வேண்டும். போதாததற்கு ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள். தமிழ்ப் பொருள் விற்பவருக்கு வால் இப்படியும் நீள்கிறது.

சரி, யாரும் தேடாததற்குப் போய் எழுதுவதா என்று தோன்றும். தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு கருவி பூஜ்யம் காட்டினாலும் தேடுபவர் இருக்கலாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் எந்தத் தேடலுக்கு நம் பக்கம் எத்தனை முறை தென்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். வரிகளைக் கூட்டிப் பாருங்கள், மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக வரும். மிகச் சிலரே செய்த தேடல்களை, அந்தரங்கம் காக்க வேண்டி கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை என்பது முக்கியமான காரணம். அதாவது வாலின் நுனி அங்கே தெரியாது. அது தெரிகிற இடம் கடையின் வாட்ஸ்அப். வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அவர் கேட்ட வார்த்தையிலேயே தலைப்பாகப் போட்டு, கீழே நேராகப் பதில் எழுதுவதைவிடப் பெரிய உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

இதையே கூட்டமாகச் செய்து கெட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா போன்ற நிறுவனங்கள், மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணினியைக் கேட்டு, மலிவுக் கூலிக்குக் கட்டுரைகளை மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்தன. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் வரிசை முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அந்தச் சரக்கைக் கீழே தள்ளியது. 2013இல் வந்த ஹம்மிங்பேர்ட், சொல்லுக்குச் சொல் பொருத்துவதை விட்டுத் தேடலின் பொருளைப் பார்க்கத் தொடங்கியது. அதன்பிறகு "விலை" என்று ஒரு பக்கம், "ரேட்" என்று இன்னொரு பக்கம் போடுவது வீண். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி 38 மாவட்டத்துக்கும் 38 பக்கம் போட்டுத் தருகிறேன் என்று இன்றும் யாராவது கேட்டால், அதை விதிமீறல் பட்டியலில் கூகுள் வைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி தமிழ்ச் சொல். 'நீளமான குறிச்சொல்' என்று பெயர்க்கக் கை வரும், ஆனால் முதலில் சொன்ன தவறு அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். குறிச்சொல் இப்போது 'டேக்' என்பதற்கும் போய்விட்டதால் கீவேர்டுக்குத் தேடுசொல் என்பதே தெளிவு. வரைபடத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் நெடுவால் எனலாம். வால்வெள்ளி, வால்மிளகு என்று வால் வைத்துப் பெயரிடுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் 'நெடுவால் தேடுசொல்' என்றால் வரைபடம் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது. தேடலைக் குறிக்க அருந்தேடல் என்பதையே நான் பரிந்துரைப்பேன். அருமை என்றால் கிடைத்தற்கரியது. பாடப்புத்தகத்தின் அருஞ்சொற்பொருளில் வருவதும் அந்த 'அரு'தான். எதிர்ப்பதத்துக்குத் தலைச்சொல் என்று போனால் அகராதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அது அவர்களுடையது. பெருந்தேடல் என்று வைத்துக்கொள்ளலாம். "பாய் என்பது பெருந்தேடல், பெயர் போட்ட பத்தமடைப் பாய் அருந்தேடல்" என்றால் கடைக்காரருக்கும் புரியும், எஸ்.இ.ஓ. ஆளுக்கும் புரியும்.