கிளாக்கை ஏற்றுவதை விடுங்கள், கட்டளைகளைக் கட்டி அனுப்புங்கள்

இந்த மாதமும் அதே புகார்தான். காரைக்குடி செக்காலையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, பம்பு செட் கண்ட்ரோலர் போர்டு செய்யும் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, டீபக்கர் வச்சு சிப்போட 4 கேபி ராம் படிக்க நாலு செகண்ட் ஆகுது. கிளாக் ஸ்பீடை 1 மெகாஹெர்ட்ஸ்லேருந்து 10க்கு ஏத்திட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு."

தயவுசெய்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்பை டீபக் செய்யும் இரண்டு வயர் இணைப்பான எஸ்டபிள்யூடியில் (SWD) ஒரு வேர்டு (4 பைட்) போய்வர சுமார் 46 பிட். 1 மெகாஹெர்ட்ஸில் அது 46 மைக்ரோ வினாடி. ஆனால் கணினிக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் சாதாரண டீபக் புரோப், கணினியோடு பேசுவது ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பி. அதன் ஃப்ரேம் 1 மில்லி வினாடி. கட்டளை போக ஒன்று, பதில் வர ஒன்று என்று வைத்தாலே 2 மில்லி வினாடி. தம்பியின் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வேர்டுக்கும் முகவரி எழுத ஒரு நடை, தரவு வாங்க இன்னொரு நடை போகிறது. 1024 வேர்டுக்கு 2048 நடை, நாலு வினாடி. இதில் கிளாக்கைப் பத்து மடங்கு ஏற்றினாலும் மிச்சமாவது 0.1 வினாடிகூட இல்லை. அதற்காக நீள ஜம்பர் வயரில் 10 மெகாஹெர்ட்ஸை ஓட்டி, பிழை வந்ததும் சிப் மீது பழி போடுகிறார்கள். எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

கல்யாணச் சாமானுக்குச் சிட்டை எழுதி ஒரே நடையில் வாங்கிவர ஆளனுப்புவோமே, அதுதான் இங்கேயும் வழி. சிஎம்சிஸ்-டேப் (CMSIS-DAP) என்ற பொது நெறிமுறையில் பேசும் புரோப்பில், பல வேர்டுகளை ஒரே கட்டளையில் வாங்கும் பிளாக் டிரான்ஸ்ஃபர் இருக்கிறது. 64 பைட் பாக்கெட் ஒன்றில் 15 வேர்டு வரை திரும்பி வரும். முகவரி தானாக ஏறும்படி வைத்தால், 1024 வேர்டும் எழுபது சொச்சம் நடையில் முடிந்துவிடும். பைஓசிடி (pyOCD) என்ற பைத்தான் டீபக் கருவியில் பிளாக்காகப் படிக்கும் ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது. லூப் போட்டு ஒவ்வொன்றாகப் படிக்காதீர்கள்.

சரி, கட்டி அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை. முகவரி தானாக ஏறுவதற்கு 1 கேபி எல்லை வரைதான் உத்தரவாதம். எல்லை தாண்டும்போது மறுபடி எழுதுங்கள். கட்டுக்கு நடுவே ஒன்று ஃபால்ட் ஆனால் ஸ்டிக்கி எரர் பிட் (பிழைக் கொடி) ஏறி நின்றுவிடும், அதை அழிக்கும்வரை பின்னால் வரும் மெமரி அணுகல் எதுவும் நடக்காது. ஆகவே எத்தனை வேர்டு முடிந்தது என்று பதிலில் பார்க்காமல் தரவை நம்பவே கூடாது. சிப்பின் கோர் (புரோசஸர்) நின்றதா என்று பார்த்துத்தான் அடுத்ததை முடிவு செய்ய வேண்டும் என்றால், அந்த இடத்தோடு கட்டளைக் கட்டை முடித்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், யுஆர்ட் (சீரியல் போர்ட்) டேட்டா ரெஜிஸ்டரைப் பிளாக்கோடு சேர்த்துப் படிக்கவே படிக்காதீர்கள். படித்தாலே, வந்த பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் ஃபிஃபோவிலிருந்து ஒரு பைட் காலியாகும். பிறகு புரோகிராமில் பைட் தொலைகிறது என்று ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள், தொலைத்தது டீபக்கர்தான்.