11-க்கு மட்டும் ஏன் எஸ்டி இல்லை?

ஓட்டப் பந்தயத்தை ஓடி முடித்த எல்லோருக்கும் சான்றிதழ் அச்சடிக்க ஒருமுறை சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். எத்தனையாவது இடம் என்று எண்ணைக் கொடுத்தால், அதன் வாலில் எஸ்டி, என்டி, ஆர்டி, டிஎச் (1st, 2nd, 3rd, 4th) என்று ஆங்கில விகுதியை அதுவே சேர்த்துவிடும். கடைசி இலக்கம் 1 என்றால் எஸ்டி, 2 என்றால் என்டி, 3 என்றால் ஆர்டி, மற்றதெல்லாம் டிஎச். முதல் பத்துத் தாள்கள் சரியாகவே வந்தன. பதினோராவது தாளில் எஸ்டி, அடுத்ததில் என்டி, அதற்கடுத்து ஆர்டி. மூன்றும் தப்பு, மூன்றுக்கும் டிஎச்தான் வரவேண்டும். 14-இலிருந்து மறுபடி ஒழுங்கு.

எண்ணைக் கண்ணால் படித்ததுதான் கோளாறு. இந்த விகுதி இலக்கத்தைப் பார்ப்பதில்லை, வாயில் கடைசியாக வரும் சொல்லைப் பார்க்கிறது. 21-ஐச் சொல்லிப் பாருங்கள்: ட்வென்டி ஒன். ஒன் தனியாக நிற்கிறது, அது ஃபர்ஸ்ட் ஆகிவிடுகிறது. 11-இல் ஒன் காதில் விழுகிறதா? லெவன் என்று ஒரே சொல். வேறு வழியில்லாமல் லெவன்த்.

உண்மையில் அந்த ஒன்று உள்ளேதான் இருக்கிறது. பத்து போக ஒன்று மிச்சம் என்பதே லெவனின் பழைய பொருள், ட்வெல்வ் என்றால் இரண்டு மிச்சம். பல நூற்றாண்டுப் புழக்கத்தில் தேய்ந்து, ஒன்றும் இரண்டும் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. தர்ட்டீனில் மூன்று முன்னாலும் பத்து பின்னாலும் நிற்கின்றன. டீன் என்பது டென்தான். விகுதி வாலில் இருக்கும் பத்தோடு ஒட்டிக்கொள்வதால் டென்த் போலவே தர்ட்டீன்த்.

சரி, ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? ஃபர்ஸ்ட் என்ற சொல்லுக்கும் ஒன்னுக்கும் உறவே கிடையாது. எல்லோருக்கும் முன்னால் நிற்பது என்று பொருள், பெஸ்ட்டில் இருக்கும் அதே எஸ்ட் இதிலும் இருக்கிறது. நம் முதல் என்ற சொல்லும் ஒன்றிலிருந்து பிறந்ததில்லையே. ஆனால் நாம் 21-க்கு இருபத்தொன்றாம் என்று ஒன்றுக்கே திரும்பிவிடுகிறோம், ஆங்கிலம் அங்கேயும் ஃபர்ஸ்ட்டை இழுத்து வருகிறது.

செகண்ட் இரவல் சொல். லத்தீனில் பின்தொடர்வது என்று பொருள், நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் இரண்டாவதுக்கு அதர் என்றுதான் சொன்னார்கள். ஒன்று விட்டு ஒரு நாளை எவ்ரி அதர் டே என்பது அந்தக் காலத்து மிச்சம். தேர்டின் கதை இன்னும் எளிது. அது த்ரிட் என்றுதான் இருந்தது, ரகரம் இடம் மாறிவிட்டது. மதுரை பேச்சில் மருதையாகிறதே, அதே கூத்து.

ஆக 1 முதல் 100 வரை பார்த்தால் இந்த மூன்று விகுதிகளுக்கும் ஆளுக்கு 9 எண்கள், மிச்சம் 73-ம் டிஎச். மாதத்தின் 31 தேதிகளில் 7 மட்டுமே விலக்கு.

என் புரோகிராமில் 11, 12, 13 என்றால் டிஎச் என்று ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்கு ஓடியவர்கள் 40 பேர், பிரச்சினை தீர்ந்தது. மறு வருஷம் 120 பேர் ஓடினார்கள். 111-ஆவது தாளில் பழைய எஸ்டி மறுபடி முளைத்தது! அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் 111, 112, 113-ஆவது அவைகள் 2009 முதல் 2015 வரை வரிசையாக வந்தன, மூன்றுக்குமே டிஎச்தான். அதை ஒருமுறை யோசித்திருந்தால் போதும்.

எண்ணை அப்படியே பார்க்காமல் 100-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கவேண்டும். மீதி 11, 12, 13 என்றால் டிஎச். இல்லையென்றால்தான் கடைசி இலக்கத்துக்குப் போகவேண்டும். இந்த வரிசை முக்கியம், மாற்றினால் கெட்டுவிடும். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது விதி வகுக்கும் யூனிகோட் அமைப்பு மொழிவாரியாகத் தொகுத்திருக்கும் விதிகளிலும் ஆங்கிலத்துக்கு இப்படி நான்கு வகை இருக்கிறது. அதே பட்டியலில் தமிழுக்கு ஒரே வகைதான். 1-ஆம் தேதி, 11-ஆம் தேதி, 111-ஆம் பக்கம் என்று எழுதிக்கொண்டே போகலாம், புரோகிராமுக்கு வேலையே இல்லை.