கத்தாளை மீன் எப்படிக் கத்துகிறது?

கழிமுகத்து நீரில் முழங்கை வரை கையை விட்டால் பல இடங்களில் விரல் நுனி தெரியாது. ஆறு கொண்டுவரும் வண்டலும் அலை கிளறும் சேறும் அப்படிக் கலந்து கிடக்கும். அதன் அடியில்தான் கத்தாளை மீன்கள் இரை தேடுகின்றன, துணையையும் தேடுகின்றன. கண்ணை மட்டும் நம்பி அங்கே காலம் தள்ள முடியாது.

கத்தாளைகளின் சியனிடே குடும்பத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. தரையில் மேய்பவற்றின் வாய் மூக்குக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி இருக்கும். முகவாயில் சிறு துளைகள், சில இனங்களுக்குக் குட்டி மீசையும் உண்டு. சேற்றில் புழுவோ சிறு இறாலோ அசைந்தால், அந்த நீரசைவைத் தலையின் தோலுக்கடியில் ஓடும் அகன்ற குழாய்கள் உணர்ந்துவிடும். உடலின் பக்கவாட்டில் ஓடும், இதே உணர்வுக்கான பக்கக்கோடு பெரும்பாலான மீன்களில் வால் தொடங்கும் இடத்தோடு முடிந்துவிடும். கத்தாளைக்கு அது வால்துடுப்பின் விளிம்புவரை போகிறது.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? வயிற்றுக்குள் மிதப்புக்காக ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதன் இரு பக்கமும் சிவந்த தசைப் பட்டைகள். தசை ஒருமுறை சுண்டினால் பை அதிர்ந்து ஒரு ‘டக்’. வரிசையாகச் சுண்டினால் மத்தளத்தில் விரல்களை ஓட்டியது போன்ற உறுமல். மீன்களின் இந்த ஒலித்தசைகள் முதுகெலும்புள்ள விலங்குகளின் மிக வேகமான தசைகளில் சேர்த்தி.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். அடித்த மணி கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும் அல்லவா? இந்தப் பை அப்படி ரீங்கரிப்பதில்லை. தசை நின்ற கணமே ஒலியும் அடங்கிவிடும். அதனால் குரலின் சுருதியைத் தீர்மானிப்பது தசைதான். வீக்ஃபிஷ் என்ற கத்தாளை இனத்தில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். பெரிய மீனின் தசை ஒருமுறை சுண்டி முடிக்க அதிக நேரம் எடுக்கிறது, ஆகவே குரல் கனக்கிறது. அந்த இனத்தில் ஆணுக்கு மட்டுமே இந்தத் தசை உண்டு. முட்டையிடும் பருவத்தில் அது தடித்து வளர்ந்து, பருவம் முடிந்ததும் மெலிந்துவிடும். அட்லாண்டிக் குரோக்கர் என்ற இன்னொரு கத்தாளை இனத்தில் ஆண், பெண் இரண்டுக்குமே ஒலித்தசை இருக்கிறது.

கேட்பதற்குக் காதுக்குள் கற்கள் இருக்கின்றன. மீனின் உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தி கொண்டது என்பதால் ஒலி வரும்போது உடலும் நீரோடு சேர்ந்து அசையும். சுண்ணாம்புப் பொருளாலான கனத்த கல் மட்டும் சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாட்டில் நுண்மயிர்கள் வளைய, மூளைக்குச் செய்தி போகிறது. கத்தாளைகளில் இந்தக் கற்கள் வழக்கத்தைவிடப் பெரியவை. மர வளையம் போல அவற்றில் வளையங்களும் படிவதால் மீனின் வயதை எண்ணிச் சொல்லலாம்.

இத்தனை ஏற்பாடும் ஒன்றுகூடி ஒலித்தால் எப்படி இருக்கும்? 1942-ல் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கச் செசபீக் விரிகுடா வாயிலில் ஒலிவாங்கிகளைப் போட்டது. கேட்டதோ சாலையைத் துளையிட்டு உடைப்பது போன்ற இரைச்சல். குளிர்காலம் முடிந்து கடலிலிருந்து விரிகுடாவுக்குள் திரும்பிய குரோக்கர்களின் சத்தம் அது. மெக்சிகோவின் கொலராடோ ஆற்று முகத்தில் கூடி முட்டையிடும் கொர்வீனா என்ற கத்தாளை மீன்களின் கூட்டொலி, கடல் பாலூட்டிகளின் கேட்கும் திறனையே பாதிக்கும் அளவு பலமானது என்று 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆனால் துணையை அழைக்கும் குரல் எதிரிக்கும் கேட்கும். புட்டிமூக்கு டால்பின்கள் சத்தமிடும் மீன்களைக் காதால் தேடிப் பிடிக்கின்றன. சில்வர் பெர்ச் என்ற கத்தாளை இனத்தில் காற்றுப்பையின் முன்பகுதி காதைச் சூழ்ந்திருப்பதால் அதற்குக் கேட்கும் திறன் கூர்மை. அவை கூடிப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் ஆய்வாளர்கள் டால்பினின் சீழ்க்கையை ஒலிக்கவிட்டார்கள். கூட்டத்தின் குரல் தாழ்ந்துவிட்டது.